எட்டுக் கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர்

கோந்த்வா, புணே
6 ஜூலை 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நாமக்கல் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? மாதம் ஒரு ஞாயிறு வார்டன் அறைப் போனில் கிடைக்கிற நாலு நிமிடத்தையும் அம்மாவே பேசித் தீர்த்துவிடுகிறாள். நான் பின்னால் நின்று "நானும் கேட்டேன்னு சொல்லு" என்பதோடு சரி. அதனால்தான் கடிதம்.

உன்னை அந்த ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விடிந்ததும் வண்டியைத் துடைக்கிறேன், துடைத்த வண்டியை மறுபடி துடைக்கிறேன். ஒரு வருஷம்தானே, நீட் எழுதிவிட்டு வந்துவிடுவாய் என்று அம்மா சொல்கிறாள்.

ஆபீஸ் வழக்கம்போல ஓடுகிறது. புதிதாக ஒன்று: ஆபீஸ் சார்பில் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வானவியல் காட்டும் தொண்டில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இங்கே கேம்ப் ஏரியாவில் பாலச்சந்திரன் என்று ஒரு தமிழர். அவரிடம் மின்விசிறியால் காற்று ஊதி நிமிர்த்தும் கூடாரம் ஒன்று இருக்கிறது. உள்ளே முப்பது குழந்தைகள் அண்ணாந்து படுத்துக்கொண்டால் கூரை முழுக்க வானம். பேசுவது என் வேலை.

போன வாரம் ஒரு பள்ளியில், நம் நாட்டுக்காரர் விண்வெளி நிலையத்தில் மிதப்பதை டிவியில் பார்த்த பையன் ஒருவன், ஏன் மிதக்கிறார் என்று கேட்டான். எங்கள் குழுவில் ஒருவர் "அங்கே புவியீர்ப்பு இல்லை" என்று சொல்லிவிட்டார். பின்னால் நின்ற டீச்சர், "தப்பா சொல்லிக் கொடுக்காதீங்க" என்று எல்லோர் முன்னாலும் மராத்தியில் சொன்னார். அந்த மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. சரியான பதில் என்ன? எளிதாக எழுது. உன் படிப்பு கெடாமல் எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
ரவிசந்திரன்


நாமக்கல்
19 ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

வைஷாலி வணக்கத்துடன் எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை. என் தமிழ் எழுத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். பக்கத்துக் கட்டில் ஷஃபானா ஆம்பூர்க்காரி. நான் எழுதுவதை அவள் திருத்துகிறாள், நான் அவளுக்கு இந்தி சொல்லித் தருகிறேன்.

உங்கள் குழுவில் இருக்கும் அந்த மனிதரிடம் சொல்லுங்கள்: விண்வெளி நிலையம் இருக்கும் நானூறு கிலோமீட்டர் உயரத்திலும் இங்கே இருக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. விண்வெளி வீரர் மிதக்கவில்லை, விழுகிறார். நிலையமும் கூடவே விழுகிறது. அறுந்து விழும் லிப்டுக்குள் நின்றால் கால் தரையை அழுத்தாது இல்லையா, அதுதான்.

பிறகு ஏன் தரையில் வந்து மோதவில்லை என்று அடுத்த கேள்வி வரும். ஒரு கல்லைக் கைவிட்டால் முதல் நொடியில் ஐந்து மீட்டர் விழுகிறது. பூமி உருண்டை. எட்டுக் கிலோமீட்டர் நேராகப் போனால் அதன் தரை ஐந்து மீட்டர் கீழே வளைந்துவிடும். ஆக, நொடிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போகிற பொருள் ஐந்து மீட்டர் விழுவதற்குள் தரையும் ஐந்து மீட்டர் விலகிவிடுகிறது. விழுந்துகொண்டே இருக்கும், தரை கிடைக்காது. சுற்றுப்பாதை என்றால் அவ்வளவுதான். கோந்த்வாவிலிருந்து கேம்ப்புக்கு ஒரே நொடி. சிக்னல் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத, இங்கே இயற்பியல் எடுக்கும் நிர்மல் சாரிடம் சந்தேகம் கேட்டேன். "நீட்ல இந்த அளவுக்கு வராதும்மா, எதுக்குக் கேக்கறே?" என்றார். அப்பா கேட்கிறார் என்றேன்.

அம்மாவை ஆகஸ்ட்டில் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வீண் அலைச்சல்.

அன்பு மகள்,
வைஷாலி


கோந்த்வா
16 ஆகஸ்ட்

அன்புள்ள அம்மிணிக்கு,

நலம், நலமே ஆகுக. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. துணி காயவில்லை என்பதைத் தவிர வீட்டில் குறை இல்லை.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். இந்தப் புதன்கிழமை ஆகுர்டியில் ஒரு பள்ளி. அப்பாக்கள் எல்லாம் வண்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். உன் ஐந்து மீட்டர் கணக்கை இந்தியில் சொன்னேன். பிறகு ஒரு பையன் எழுந்து, "அப்போ நிலாவும் விழுதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இன்னொருத்தன், "சார், நிலையத்துக்கு முன்னாடி ஒரு ராக்கெட் போயிட்டு இருந்தா, நிலையம் எப்படி எட்டிப் பிடிக்கும்? வேகத்தைக் கூட்டினா போதுமா?" என்றான். போதும் என்று சொல்ல வாயெடுத்தவன், ஏதோ பயத்தில் நிறுத்திக்கொண்டேன்.

பாலச்சந்திரன் வெளியே வந்து, "அரே ரவி, டென்ஷன் எடுக்காதேப்பா. நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பு" என்றார். அவருக்கு எல்லாமே அப்படித்தான். வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை. நாளைக்குப் போக முடியாதே, நாளைக்கு வேறு பள்ளி.

பதில் எழுது. பரீட்சை எல்லாம் எப்படிப் போகிறது? மார்க் ஒன்றும் நீ எழுதவில்லை.

அன்புடன்,
அப்பா


நாமக்கல்
25 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சுகம்.

வேகத்தைக் கூட்டினால் பிடிக்க முடியாது. கூட்டினால் பாதை பெரிதாகி மேலே ஏறிவிடும். மேலே போகிறவர்கள் சுற்றி வர அதிக நேரம் ஆகும், இன்னும் பின்தங்குவார்கள். முன்னால் போவதைப் பிடிக்க வேண்டுமானால் கொஞ்சம் பிரேக் போட வேண்டும். போட்டால் பாதை இறங்கும், இறங்கினால் சீக்கிரம் சுற்றலாம், கீழாகவே போய் எட்டிப் பிடிக்கலாம். இதை யாராவது வாழ்க்கைக்குப் பாடம் என்று சொன்னால் நம்பாதீர்கள், இது ராக்கெட்டுக்கு மட்டும்தான். இங்கே காலைப் பிரார்த்தனையில் எல்லாவற்றையும் வாழ்க்கைக்குப் பாடம் ஆக்குகிறார்கள்.

மார்க் சுமார்.

உங்கள் ஆபீசில் புதன்கிழமை லீவா? அடுத்த நாளும் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்களே.

வைஷாலி


கோந்த்வா
14 செப்டம்பர்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் நலத்துக்கு ஆசிகள். கணபதி விசர்ஜன் ஊர்வலங்கள் முடிந்து ஊர் இப்போதுதான் காது திறந்து கேட்கிறது. மறுநாள் சந்திர கிரகணத்துக்கு மாடிக்குப் போனோம். ஒரே மேகம். அங்கே தெரிந்ததா?

பிரேக் விஷயத்தைச் சொல்ல ஆகுர்டிக்குத் தனியாக வண்டியில் போய் வந்தேன். வகுப்பறை வாசலில் நின்றே சொன்னேன். பையன் சிரித்தான். வாட்ச்மேன் யார் என்று கேட்டதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "ஸ்டார்வாலா" என்றேன்.

இப்போதெல்லாம் புணேயில் எனக்குத் தெரியாத சந்து இல்லை. சும்மா இருக்கும்போது வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்வார்கேட், கேம்ப், ஹடப்ஸர் என்று போய்க்கொண்டே இருக்கிறேன். நின்றால் என்னவோ போல் இருக்கிறது.

இந்தத் தடவைக் கேள்வி: பிரபஞ்சம் விரிகிறது என்றால் நடு எங்கே? ஏழாம் வகுப்புப் பெண் கேட்டது. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அம்மா தேங்காய் பர்பி அனுப்பியிருக்கிறாள். ஷஃபானாவுக்கும் கொடு.

அன்புடன்,
அப்பா


நாமக்கல்
2 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். காய்ச்சல். இப்போது இல்லை. தீபாவளிக்கு ஒரு நாள்தான் லீவு. கிரகணத்துக்கு மாடிக் கதவைத் திறக்கவில்லை.

பாவாடை எலாஸ்டிக் ஒரு முழம் எடுத்து மையால் புள்ளிகள் வையுங்கள். இழுங்கள். எந்தப் புள்ளியில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை எல்லாம் தன்னை விட்டு விலகுவதாகத் தெரியும். தூரத்துப் புள்ளி அதிக வேகத்தில் விலகும். எலாஸ்டிக்குக்கு நடு இருக்கிறதே என்று அந்தப் பெண் கேட்பாள். இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கி இழுக்கச் சொல்லுங்கள். இப்போது துணியில் எங்கே நடு என்று அவளையே காட்டச் சொல்லுங்கள். பிரபஞ்சம் வளையம் என்று சொல்லவில்லை. நடு இல்லாமலும் ஒன்று விரிய முடியும் என்பதற்காகத்தான்.

அப்பா, ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். புதன்கிழமை பள்ளி, வியாழக்கிழமை பள்ளி, நடுப்பகலில் ஆகுர்டி, சும்மா இருக்கும்போது ஹடப்ஸர். ஆபீஸ் ஆள் ஒருவர் பெயர்கூட இல்லை. முன்பெல்லாம் உங்கள் மேனேஜரைத் திட்டாமல் சாப்பிட மாட்டீர்கள்.

வேலை போய்விட்டதா?

வைஷாலி


கோந்த்வா
23 நவம்பர்

கண்ணு வைஷாலிக்கு,

அம்மா எழுதறேன். நல்லா இருக்கியா சாமி? காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனாயா, இல்லை மாத்திரையோடு விட்டாயா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கோ.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா தினமும் பேப்பரை எடுத்து உட்காருகிறார். "அன்புள்ள அம்மிணிக்கு" என்பதைத் தாண்டவில்லை. எழுதுவார், கிழிப்பார், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று வாரம் பார்த்தேன். நானே எழுதுகிறேன் என்றேன். "எழுதிக்கோ சந்திரிகா, நான் இல்லாதப்போ எழுது" என்றார்.

ஆமாம் கண்ணு. மே மாசக் கடைசியில் போயிற்று. உன்னை ஹாஸ்டலில் விட வருவதற்கு நாலு நாள் முன்னால். அவர் பிரிவையே மூடிவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நாங்கள் இரண்டு பேரும். முதல் தடவை நீட் சரியாக எழுதவில்லை என்பதற்கே நீ அப்படி அழுதாய். இதையும் தலையில் ஏற்ற வேண்டாம் என்று நினைத்தோம். பில்டிங்கிலும் யாருக்கும் தெரியாது. முதல் மாசம் முழுக்க டிபன் டப்பாவோடு காலையில் கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. அப்படித் திரிந்தபோதுதான் கேம்ப்பில் பாலச்சந்திரன் அண்ணனைப் பார்த்திருக்கிறார். ஆபீஸ் தொண்டு எல்லாம் பொய்.

அந்தப் பள்ளியில் தப்பாகச் சொல்லி அவமானப்பட்டவர் வேறு யாரும் இல்லை, உங்கப்பாதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "இருபது வருஷம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, ஒரு குழந்தைக்குப் பதில் சொல்லத் தெரியல பாரு" என்றார். உன் கடிதம் வந்த பிறகுதான் மனுஷன் நிமிர்ந்தார்.

நீ கவலைப்படாதே. நான் பக்கத்துப் பள்ளியில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நீ படிப்பை மட்டும் பார். நீ ஆசைப்பட்டுக் கேட்ட படிப்பு.

அம்மா,
சந்திரிகா


நாமக்கல்
4 டிசம்பர்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இருவருக்கும் வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது. உடம்பு எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் காய்ச்சல் வரவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். புணே ரயிலுக்குச் சேலம் போகிற பஸ் நின்றது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதிலும் ஏறவில்லை. மத்தியானம் வார்டன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க வீட்ல சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். சொல்லவில்லை. அவரைத் திட்டாதீர்கள்.

உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறேன். ஷஃபானா, "உக்காருடி, எனக்குத் தலை சுத்துது" என்கிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்று என்னை யாரும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் மாமா வீட்டுக் கல்யாணத்தில் மேடையில் நின்று நானே சொன்னேன். இந்த ஹாஸ்டலையும் நானே தேடி, நானே அடம்பிடித்து வந்தேன். நானே கேட்டதை நானே எப்படி வேண்டாம் என்று சொல்வது? அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவின் கேள்வி வந்தால் மட்டும் உட்கார முடிகிறது.

வேலை போனதற்காக எனக்கு வருத்தம் இல்லை அப்பா. டிபன் டப்பாதான் வருத்தமாக இருக்கிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். சரி.

வைஷாலி


கோந்த்வா
21 டிசம்பர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அம்மா எனக்குப் படித்துக் காட்டினாள். பாதியில் அவளால் முடியவில்லை. மீதியை நான் படித்தேன்.

அதிகம் எழுத வரவில்லை. பொங்கலுக்கு அடுத்த நாள் அங்கே வருகிறேன். திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். பையைக் கட்டி வை. மேடையில் சொன்னதை எல்லாம் ஊர் மறந்திருக்கும்.

அப்பா


நாமக்கல்
25 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். ஊர் போய்ச் சேர்ந்ததாக அம்மா போனில் சொன்னாள். பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள். அதை நினைத்தால் எனக்குப் படிக்க ஓடவில்லை. அதனால் அன்றைக்கு ஹாஸ்டல் வாசல் கொட்டகையில் சரியாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் வந்ததும், "கிளம்பு அம்மிணி, ரயிலுக்கு மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றீர்கள். நான் "யாரைக் கேட்டு டிக்கெட் எடுத்தீங்க?" என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீங்கள் எழுந்து கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். நானும் எழுந்து நடந்தேன். மற்ற அப்பா அம்மாக்கள் டிபன் கேரியரைத் திறக்காமல் நம்மையே பார்த்தார்கள்.

"அந்த முதல் மாசம் டிபன் டப்பாவை எங்கே வச்சு சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"சரஸ்பாக் பார்க்ல. பெஞ்சுல."

"தனியாவா?"

"ஒரு நாய் வரும்."

எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கத்தான் நிர்மல் சாரைக் கூப்பிடப் போனேன். அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான். அறிவியல் ஆராய்ச்சிப் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதை நானே அவரிடம் விசாரித்தேன், நானே எழுதப் போகிறேன். புணேயிலும் அந்தப் படிப்பு இருக்கிறது. நீட்டும் எழுதுவேன். பாதியில் பையைத் தூக்கிய இடத்திலிருந்து பாதியிலேயே வந்துவிட்டால், எது எனக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கே கடைசி வரை தெரியாது. எழுதிவிட்டு வருகிறேன்.

கோபித்துக்கொண்டு போனீர்களா, சந்தோஷமாகப் போனீர்களா என்று உங்கள் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேள்வி அனுப்புங்கள்.

வைஷாலி


கோந்த்வா
24 மே

அன்புள்ள அம்மிணிக்கு,

வெயில் கொளுத்துகிறது, நாங்கள் தாக்குப்பிடிக்கிறோம். நீட் சுமார்தான் என்று போனில் சொன்னாய். போகட்டும். அடுத்த தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஜனவரியில் நீ கேட்டதற்கு இப்போதுதான் எழுத வருகிறது. கோபமாகப் போகவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். போன வருஷம் மே மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பானேரில் ஒரு சின்னக் கம்பெனியில் வாரம் மூன்று நாள் வேலை கிடைத்திருக்கிறது. மீதி நாள் கூடாரம். பாலச்சந்திரனுக்கு மூட்டு வலி. "அரே, நீயே எடுத்துட்டுப் போ ரவி, எனக்குத் தூக்கறதே கஷ்டமா இருக்கு" என்று கூடாரம் வைத்திருக்கும் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். பில்டிங்கில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவா அத்தனை நாள் டப்பாவைத் தூக்கினேன் என்று இருக்கிறது.

பள்ளி மூடுவதற்கு முன் கடைசிக் காட்சியில், அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பொருள்தான் அதிகம் என்று பேசினேன். ஹுதா என்று ஒரு பெண், ஆறாம் வகுப்பு. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, "தெரியாத ஒண்ணு இருக்குன்னு எப்படித் தெரியும்? அது என்ன?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. முதல் தடவையாக, "எனக்குத் தெரியாது. என் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஜூன் நடுவில் பள்ளி திறந்ததும் முதல் காட்சி அங்கேதான். பதில் வேண்டும்.

அன்புடன்,
அப்பா


நாமக்கல்
8 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இரண்டாவது தேர்வும் எழுதிவிட்டேன். மூன்று மணி நேரமும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இடம் கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காவிட்டாலும் புணேயில் ஏதாவது ஒரு கல்லூரியில் இயற்பியல்தான் படிப்பேன்.

ஹுதாவின் கேள்வியில் பாதிக்குப் பதில் இருக்கிறது. சூரியனை விட்டுத் தள்ளிப் போகப் போகக் கோள்கள் மெதுவாகச் சுற்றும், ஏனென்றால் பிடித்து இழுப்பது நடுவில் இருக்கிறது. நம் பால்வெளி மாதிரியான நட்சத்திர மண்டலங்களிலும் விளிம்பில் இருப்பவை அப்படி மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. உள்ளே இருப்பவை அளவுக்கே வேகமாகப் போகின்றன. நாம் பார்க்கிற நட்சத்திரங்களின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அந்த வேகத்தில் அவை பிய்த்துக்கொண்டு எப்போதோ போயிருக்கும். போகவில்லை. ஆகவே நாம் பார்க்காத ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

அது என்ன என்பது எனக்குத் தெரியாது. நிர்மல் சாருக்குத் தெரியாது. இன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. இதை அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை காலை புணே ஸ்டேஷனில் இறங்குகிறேன். ஷஃபானா வழிக்குச் சாப்பாடு கட்டித் தருகிறாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்தாலும் வந்துவிடுவேன்.

பள்ளி திறக்கும் அன்றைக்கு என்னையும் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யாருக்கும் தெரியாது என்பதை அந்தப் பெண்ணிடம் நானே சொல்ல வேண்டும்.

வைஷாலி